பல் ஆஸ்பத்திரி கஸ்டர்டு

மாஸ்டருக்கு மூக்கு இருந்தது. முகத்தின் நடுவில், பார்க்கிறவர்கள் முதலில் கவனிக்கிற அளவுக்குத் தாராளமாகவே இருந்தது. என்ன, வேலைக்குத்தான் வருவதில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து இப்படித்தான். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, காரம் எல்லாம் நாக்குக்கு எட்டுகின்றன. அதோடு சரி. காபி என்றால் கசக்கிற வெந்நீர். வெங்காயம் வதங்குவது கண்ணுக்கு மட்டும் நடக்கிற காரியம். சத்தம் போன டி.வி.யில் பாட்டு நிகழ்ச்சி பார்க்கிற மாதிரி அவர் சமைத்துக்கொண்டிருந்தார்.

யாரிடமும் சொல்லவில்லை. கண் மங்கிப்போச்சு என்று எந்த டிரைவர் முதலாளியிடம் போய் நிற்பான்? அலுவலகக் கேன்டீனில் சமைக்கிறவர், தனக்கு வாசனை தெரியாது என்று சொல்வதும் அதே மாதிரிதான்.

கேன்டீனில் ஒரு தந்திரம் வைத்திருந்தார். எந்தச் சட்டி இறங்கினாலும், புதிதாகச் சேர்ந்தவர்கள் யாரையாவது கூப்பிட்டு, "மோந்து பாரு. என்ன குறையுது, சொல்லு" என்பார். அவர்கள் சொல்வார்கள். இவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ம்... அதேதான் நானும் நெனச்சேன்" என்பார். தொழிலை ஒளிக்காமல் கற்றுக்கொடுக்கிற பெரிய மனசுக்காரர் என்று அங்கே பெயர்.

வீட்டில் அதே தந்திரத்துக்கு இன்னும் அழகான பெயர் கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சமையல்.

வாரா வாரம் அப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்து சமைப்பார்கள். மறுநாள் கேன்டீனில் போட வேண்டிய மசாலா, சாஸ் எதுவானாலும் வீட்டில் கொஞ்சம் செய்து பார்ப்பார். பெரியவள் ஒருபக்கம், சின்னவன் ஒருபக்கம். "கண்ணை மூடு, மோந்து பாரு, என்ன குறையுதுன்னு சொல்லு பாப்போம்." சரியாகச் சொன்னவர்களுக்கு அப்பாவின் வெள்ளைத் தொப்பி. தொப்பி வாண்டுவின் கண்ணை மறைத்து மூக்கு வரைக்கும் வரும். அதைப் போட்டுக்கொண்டு அவன் சுவரில் முட்டிக்கொள்வதே ஒரு நிகழ்ச்சி.

வாண்டு என்பது சின்னவன். இப்போதுதான் முன்பல் விழுந்து முளைத்துக்கொண்டிருக்கிறது. பெரியவளுக்கு வயசுக்கு மீறின அமைதி. கேட்டால்தான் பேசுவாள், பேசினால் அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது.

மாஸ்டரின் மனைவி பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள். வாயைத் திறக்கப் பயப்படுகிற நோயாளிகளிடமெல்லாம் இந்த ஞாயிற்றுக்கிழமை சமையலைச் சொல்லிப் பயம் தெளிய வைப்பாள். "எங்க வீட்டுக்காரர் பொறுமைக்குப் பொறந்தவருங்க. புள்ளைங்கள பக்கத்துல நிக்க வெச்சு ஒவ்வொண்ணா கேட்டுக் கேட்டுதான் சமைப்பாரு."

கேட்டுக் கேட்டுத்தான் சமைத்தார். அதில் பொய்யே இல்லை.

இந்தப் பெருமைதான் போன வாரம் மச்சான் காதுக்குப் போனது. மனைவியின் அண்ணன். பல அலுவலகங்களில் கேன்டீன் நடத்துகிற கம்பெனியில் மேலாளர். மாஸ்டருக்கு இப்போதிருக்கும் வேலையே அவர் பார்த்து வாங்கிக் கொடுத்ததுதான். புதிதாக எழும்புகிற பெரிய கட்டடத்தில் ஒரு கேன்டீன் வருகிறது. அதற்குத் தலைமை மாஸ்டர் வேண்டும். "ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றேன் மாப்ளே. அந்தக் குடும்பச் சமையலை நானும் ஒரு தடவ பாக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இது.

*

காலையிலேயே முதல் சறுக்கல். மனைவி, பெரியவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.

"பாப்பா எதுக்கு? அவ இங்க இருக்கட்டுமே" என்றார் மாஸ்டர், குரலில் ஒன்றுமில்லாத மாதிரி.

"பழம் வாங்கணும், நல்லதா நாலு கிளாஸ் வாங்கணும். எனக்கு என்ன ரெண்டு கைக்கு மேல இருக்கா? அதான் வாண்டு இருக்கான்ல உங்களுக்கு."

பெரியவள் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அம்மா கையைப் பிடித்து இழுக்கவே போய்விட்டாள்.

வாண்டுவுக்கோ தலைகால் புரியவில்லை. அக்கா இல்லாத சமையலறை அவனுக்கு இதுவரை வாய்த்ததே இல்லை. பந்தயத்தில் எப்போதும் அவள்தான் ஜெயிப்பாள். அவள் சரியாகச் சொல்லி முடித்த பிறகு, "நானும் அதான் சொல்ல வந்தேன்" என்பது இவன் வழக்கம். அந்த வசனத்தை எங்கிருந்து பிடித்தான் என்று வீட்டில் யாரும் யோசித்ததில்லை.

"இன்னிக்கு நான் மட்டும்தானாப்பா?"

"நீ மட்டும்தான் ராஜா."

அவன் தானே முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்றான். கேட்காமலே தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

சூப்புக்குத் தக்காளி வெந்தது. கோழித் துண்டுகள் எண்ணெயில் சிவந்தன. மாஸ்டர் கையில் கரண்டி ஓடியது. அந்தக் கைக்கு எந்தக் காய்ச்சலும் வந்ததில்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு தீ, எந்த நிறத்தில் இறக்குவது என்பதெல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் அத்துப்படி. சட்டியில் எண்ணெய் பேசுகிற சத்தத்தை வைத்தே கோழி வெந்ததா என்று சொல்லிவிடுவார்.

"வாண்டு, சூப்பு. மோந்து பாரு."

வாண்டு சட்டிக்கு மேலே குனிந்து, தோளெல்லாம் தூக்கி மூச்சை இழுத்தான். ஓட்டைக் குழாயில் தண்ணீர் ஏறுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"சூப்பர்ப்பா!"

"என்ன குறையுது?"

"ஒண்ணுமே குறையல. சூப்பர்."

மாஸ்டருக்கு நிம்மதி. பாராட்டைச் சந்தேகப்படுகிற பழக்கம் மனிதனுக்குக் கிடையாது, அதிலும் சமையல்காரனுக்குக் கிடையவே கிடையாது.

கோழிக்கும் சூப்பர். வதக்கிய காய்க்கும் சூப்பர். ஒருதரம் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். சமையலறையில் அதெல்லாம் கூடாது என்று சொல்லி அவர் கையைக் கழுவ வைத்தார். கையைத்தான் பார்த்தார், மூக்கைப் பார்க்கவில்லை.

கடைசியாகக் கஸ்டர்டு. மச்சானுக்கு இனிப்பு என்றால் உயிர். பால் காய்ந்து, மாவு கரைந்து, மஞ்சளாகக் கெட்டியாகி வந்தது. இறக்கும்போது எசென்ஸ் விட வேண்டும். அலமாரியில் பாட்டிலைக் காணோம்.

"வாண்டு, வெனிலா பாட்டில் எங்கடா? சின்னதா, பழுப்பு கலர்ல இருக்குமே."

"எனக்குத் தெரியும்!" என்று குதித்து இறங்கி ஓடினான். எங்கேயோ எதையோ உருட்டுகிற சத்தம். வெற்றியோடு திரும்பி வந்தான்.

பாட்டிலில் வெனிலா என்றுதான் ஒட்டியிருந்தது. மாஸ்டர் மூடியைத் திறந்தார். பழக்க தோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனார். காற்று வந்தது, போனது. மகனிடம் நீட்டினார்.

"மோந்து பாரு."

மறுபடி அதே குழாய்ச் சத்தம். "சூப்பர்!"

ஒரு கரண்டி விட்டார். கலக்கினார். ஓரத்தில் துளி வழித்து நாக்கில் வைத்தார். இனிப்பு சரி. பின்னாலேயே நாக்கின் நுனியில் ஏதோ எறும்பு ஊர்கிற மாதிரி, லேசாக மரத்துப்போகிற மாதிரி இருந்தது. நாக்கு என்னவோ சொல்ல வந்தது. ஆனால் இத்தனை மாதமாக அவர் தன் நாக்கை நம்புவதை விட்டிருந்தார்.

"நீ ருசி பாத்துச் சொல்லு."

வாண்டு கரண்டியை நக்கினான். நெற்றி ஒரு கணம் சுருங்கியது. அப்பா தன் முகத்தையே, வேறெங்கும் பார்க்காமல் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டான். சுருக்கம் விலகியது.

"ஜில்லுனு இருக்குப்பா. சூப்பர்."

மாஸ்டர் அவனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். "என் சிங்கம்டா நீ!"

*

மச்சான், தங்கையையும் பெரியவளையும் கடைத்தெருவில் பார்த்துத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆள் வருவதற்கு முன்னால் சிரிப்பு வருகிற மனிதர்.

மனைவி உள்ளே நுழைந்ததும் நின்றாள். "என்னங்க, எங்க ஆஸ்பத்திரி வாசனை அடிக்குது?"

"உன் துணியில ஒட்டிட்டு வந்திருக்கும்" என்றார் மாஸ்டர். அவள் முந்தானையை மோந்து பார்த்து, "இருக்கும், இருக்கும். செண்டு போட்டும் போக மாட்டேங்குது" என்று ஒப்புக்கொண்டாள். கஸ்டர்டு, மூடி போட்டு ஃப்ரிட்ஜுக்குள் ஏறியிருந்தது.

சாப்பாடு நன்றாகவே போனது. சூப்பைக் குடித்த மச்சான் கிண்ணத்தைச் சாய்த்து அடியையும் பார்த்தார். கோழியைக் கடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பதே பெரிய பரிசு.

"மாப்ளே, சும்மா சொல்லக் கூடாது. இந்தக் கோழி ஒண்ணு போதும். எல்லாம் புள்ளைங்க மோந்து பாத்துதானா?"

"இன்னிக்கு முழுக்க வாண்டுதான் அண்ணா. அக்கா என்கூட வந்துட்டா" என்றாள் மனைவி. மகிழ்ச்சியில் அவள் முகம் பளபளத்தது.

வாண்டு தொப்பியைக் கழற்றாமலே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

கஸ்டர்டு வந்தது. கண்ணாடிக் கிண்ணத்தில், மேலே பழத்துண்டுகளோடு, பெண் பார்க்க வந்தவர்களுக்கு வைக்கிற மாதிரி இருந்தது. மச்சான் ஒரு கரண்டி நிறைய எடுத்து வாயில் போட்டார்.

போட்டவர் அசையவில்லை. கன்னம் மட்டும் மெல்ல உள்ளே போனது. கண்ணில் தண்ணீர் கோர்த்தது. பக்கத்திலிருந்த துடைக்கிற தாளை எடுத்து, கௌரவமாக, வாயை ஒற்றுகிற மாதிரி எல்லாவற்றையும் அதில் கொட்டினார்.

"மாப்ளே," என்றார், நாக்கு சரியாகப் புரளாமல். "எனக்குப் பல்லு புடுங்கப் போறீங்களா?"

மனைவி ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்தாள். உடனே எழுந்துவிட்டாள். "ஐயையோ! கிராம்பு எண்ணெய்ங்க இது! பல்வலிக்குப் போட எங்க டாக்டரம்மா கொடுத்தது. காலி வெனிலா பாட்டில்ல ஊத்தி, குளியலறைக் கண்ணாடிக்குப் பக்கத்துல வெச்சிருந்தேன். அது எப்படி இதுல வந்தது?"

"எப்படி மாப்ளே?" மச்சான் இப்போது சிரிக்கவில்லை. தண்ணீர் குடித்தார். "எழுதியிருக்கிறத விடுங்க. மூடியைத் திறந்தாலே மண்டையில ஏறுமே இது. பக்கத்து வீட்டுக்காரனுக்குக்கூடத் தெரியும். நீங்க எப்படி விட்டீங்க?"

இது ஒரு சாதாரணக் கேள்வி. இத்தனை மாதமாக மாஸ்டர் பயந்துகொண்டிருந்த கேள்வியும் இதுதான். புதிய கேன்டீன், பழைய கேன்டீன், நாளைக் காலை போட்டுக்கொள்ளப் போகிற வெள்ளைச் சட்டை எல்லாம் அந்தக் கேள்விக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றன.

மாஸ்டர் வாயைத் திறந்தார். வந்தது இதுதான்:

"வாண்டுதான் மச்சான். அவன்தான் பாட்டிலை எடுத்துட்டு வந்தான். மோந்து பாத்து சூப்பர்னு சொன்னதும் அவன்தான். நான் அடுப்பைக் கவனிச்சிட்டிருந்தேன்..." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "ஏண்டா, உனக்கு மூக்கு என்னத்துக்கு இருக்கு? விளையாட்டுப் புத்தி! அக்கா இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

உனக்கு மூக்கு என்னத்துக்கு இருக்கு. யார், யாரைப் பார்த்துக் கேட்கிற கேள்வி!

வாண்டு தொப்பியைக் கழற்றினான். மடியில் வைத்துக்கொண்டான். அவன் மூக்கிலிருந்து ஒழுகியது. கண்ணிலிருந்து வருவதா மூக்கிலிருந்து வருவதா என்று தெரியாத ஒழுகல்.

"எனக்கு மூக்கு அடைச்சிருக்கு" என்றான். "நேத்து ராத்திரியிலேருந்து."

"அத ஏண்டா சொல்லல?" என்றாள் அம்மா.

"சொன்னா அப்பா என்னைச் சேத்துக்க மாட்டாரு." அவ்வளவுதான் சொன்னான். தொப்பியை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து படுக்கையறைக்குப் போனான். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. திறந்த கதவு வழியாக அவன் முதுகு தெரிந்தது.

சொன்னால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று பயந்து, அடைத்த மூக்கோடு சட்டிக்குப் பக்கத்தில் நின்றவன். மாஸ்டருக்கு அந்த ஆளை நன்றாகத் தெரியும். தினமும் காலையில் அவனுக்குத்தான் சவரம் செய்துவிடுகிறார்.

"தப்பு என்மேல மாமா" என்று ஒரு குரல் கேட்டது.

பெரியவள். எழுந்து நின்றிருந்தாள். "கிளம்புறப்ப நான்தான் வெனிலா பாட்டில எடுத்து மாத்தி வெச்சேன். தெரியாம. சாரி மாமா."

அவள் எதையும் எடுக்கவில்லை. காலையில் அவள் அந்தப் பக்கமே வரவில்லை. மாஸ்டருக்குத் தெரியும், அவர் அங்கேதான் நின்றிருந்தார். அவள் அப்பாவைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்துச் சொன்னாள். மேசையின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

மச்சானின் முகம் தளர்ந்தது. "அடடா, இவ்வளவுதானா! சரி விடு கண்ணு. ஒரு கஸ்டர்டு போனா என்ன." மாஸ்டர் பக்கம் திரும்பினார். "புள்ளைங்கன்னா அப்படித்தான். உங்க கோழிக்கு நான் பொறுப்பு மாப்ளே. நாளைக்கு முதலாளிகிட்ட..."

முடிந்துவிட்டது. தப்பித்துவிட்டார். ஒரு பிள்ளையைக் காட்டிக்கொடுத்து, இன்னொரு பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து, பெரிய கேன்டீனுக்குத் தலைமை மாஸ்டராகிவிட்டார். மூச்சுவிட்டால் போதும், வேலை அவருடையது.

சோற்றுத் தட்டில் தலையைக் கவிழ்த்துக்கொள்ளத் தோன்றியது. கவிழ்த்தால் இடம் பற்றாது, மூக்கு இடிக்கும் என்றும் தோன்றியது. இந்த நேரத்திலும் இப்படி ஒரு நினைப்பு வருகிற மண்டையை என்ன செய்வது?

"அவ எதையும் மாத்தல மச்சான்" என்றார். "எனக்கு வாசனை தெரியாது."

மச்சான் சிரித்தார். மனைவியும் சிரித்தாள். "இவருக்கு எதுலதான் விளையாட்டு இல்ல!" என்றாள்.

இத்தனை வருஷமாகச் சிரிக்கவைத்தே காலத்தை ஓட்டியவருக்கு இது ஒரு தண்டனை. ஆயுளில் ஒருமுறை நிஜத்தைச் சொன்னார், கைதட்டாத குறை.

"நெஜமாதான். அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் ஒரு வாசனையும் தெரியல. ஒண்ணும் தெரியல."

பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் உள்ளே போய்க் கிராம்பு எண்ணெயும் இன்னொரு பாட்டிலுமாக வந்தாள். "கண்ணை மூடுங்கப்பா."

மூடினார்.

"என்ன இது?"

"தெரியல."

"இது?"

"தெரியல." மச்சான் இருமுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால், தரை துடைக்கிற பினாயில் தன் மூக்கை ஒட்டி இருந்தது. மறுபடி மூடிக்கொண்டார்.

அடுத்து சூடாக, மெத்தென்று ஏதோ வந்தது. பினாயில் பாட்டில் இல்லை என்று தெரிந்தது. அதற்கு மேல் தெரியவில்லை.

"தெரியல பாப்பா."

"பாப்பா இல்ல" என்றாள் மனைவி. அவள் மணிக்கட்டு அது. "நீங்க வாங்கித் தந்த செண்டு. காலையில இதப் போட்டுக்கிட்டு வந்து நின்னப்ப, நல்லாருக்குன்னு சொன்னீங்களே?"

"நீ நல்லா இருந்தே. அதச் சொன்னேன்."

வேறொரு நாளாக இருந்தால் இதற்கு ஒரு சிரிப்பு கிடைத்திருக்கும். அவள் கையை இழுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று கூட்டல் போட்டுக்கொண்டு போனது. போட்டு முடித்ததும் நிறம் மாறியது.

"சாயந்தரம் நான் வர்ற வரைக்கும் புள்ளைங்க உங்ககூடத்தானே இருக்குதுங்க? கேஸ் லீக் ஆனா? ஏங்க, கேஸ் லீக் ஆனா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாஸ்டர் அடுப்புக் குமிழைத் தினமும் திருகித் திருகிப் பார்ப்பார்தான். அதை ஒரு பதில் என்று சொல்ல நாக்கு கூசியது.

"நான் பாத்துப்பேம்மா" என்றாள் பெரியவள். "ஸ்கூல்லேருந்து வந்ததும் மொதல்ல கிச்சனுக்குத்தான் போவேன். மோந்து பாத்துட்டுதான் பையக் கழட்டுவேன்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள் அம்மா.

"ம். நான் முகத்தைச் சுளிச்சா அப்பாவும் சுளிப்பாரு. கொஞ்சம் கழிச்சு."

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேராகச் சமையலறைக்கு ஓடுகிற பிள்ளையைப் பார்த்து, பாவம், பசி போல என்று நினைத்திருந்தார் மாஸ்டர். அவள் கைக்கு எட்டட்டும் என்று பிஸ்கட் டப்பாவைக்கூடக் கீழ்த்தட்டில் இறக்கி வைத்திருந்தார். நல்ல அப்பா என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்ட நாள் அது.

தரை பிளந்து உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. மாடி வீடு. பிளந்தால் கீழ் வீட்டுக்காரர் மேசையில்தான் போய் விழுவார்.

மச்சான் எழுந்து கை கழுவினார். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "உங்கள நம்பித்தான மாப்ளே தினம் அத்தனை பேருக்குச் சாப்பாடு போயிட்டிருக்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொள்ளலாம். "நாளைக்கு வேலைக்கு வராதீங்க. நான் யோசிக்கணும். கூப்பிடறேன்."

தங்கையின் தலையைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். போகும்போது சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை.

*

சாயங்காலம் வரைக்கும் மனைவி அவரிடம் பேசவில்லை. பாத்திரங்கள் பேசின. வழக்கத்தைவிடச் சத்தமாகவே பேசின.

ஒரே ஒரு தடவை சமையலறை வாசலில் போய் நின்றார். திரும்பிப் பார்க்காமலே அவள் சொன்னாள்: "வேலை போயிடும்னு கேன்டீன்ல மறைச்சீங்க, சரி. என்கிட்ட மறைச்சா என்னங்க கெடைக்கும்? நான் என்ன உங்கள வேலைய விட்டா தூக்கியிருப்பேன்?"

வெட்கமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

படுக்கையறைக்குப் போனார். வாண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தூங்கவில்லை. தூங்குகிறவன் அவ்வளவு விறைப்பாகப் படுக்க மாட்டான்.

மாஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

"டேய் வாண்டு."

வாண்டு சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டான்.

"அப்பாதான் தப்பு பண்ணேன். எனக்கும் உன்ன மாதிரிதான்டா, மூக்கு அடைச்சிருக்கு. உனக்கு ரெண்டு நாள்ல சரியாயிடும். எனக்குத்தான் ஆகல."

"தெரியும்" என்றது சுவர்ப்பக்கக் குரல். "கேட்டுச்சு."

"அப்புறம் என்ன கோவம்? அதான் மாமாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேனே."

வாண்டு திரும்பினான். மூக்கு சிவந்து, கன்னத்தில் தலையணைக் கோடு விழுந்திருந்தது. கோர்ட்டில் நிற்கிற வக்கீலுக்குக்கூட அத்தனை தெளிவு இருக்காது.

"உங்க மூக்கப் பத்திதான் சொன்னீங்க. என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"உன்னைப் பத்தி என்னடா சொல்லணும்?"

"நான் விளையாட்டுப் புத்தின்னு சொன்னீங்கல்ல? மாமா முன்னாடி. நான் விளையாடவே இல்ல. காலையிலேருந்து ஒரு தடவகூட விளையாடல. வேலதான் செஞ்சேன்."

"தப்புதான் ராஜா. சாரிடா. அப்பா உன்கிட்ட மன்னிப்பு..."

"இப்ப வேணாம்." வாண்டு கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தான். "மாமா முன்னாடி திட்டினீங்க. மாமா முன்னாடிதான் கேக்கணும்."

"மாமா போயிட்டாரேடா."

"அப்ப வரட்டும்." மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான்.

கூடத்தில் போன் அடித்தது. மனைவி எடுத்தாள். "சொல்லுண்ணா..." என்றாள். பிறகு "ம்" என்றாள். கொஞ்சம் கழித்து இன்னொரு "ம்". மாஸ்டர் அந்த ஒவ்வொரு 'ம்'மையும் சட்டி எண்ணெயின் சத்தத்தைப் போலக் காது கொடுத்துக் கேட்டார். வெந்ததா, கருகியதா, ஒன்றும் பிடிபடவில்லை.

"நீயே அவருகிட்ட சொல்லிடுண்ணா" என்ற குரல் நெருங்கி வந்தது. அவள் படுக்கையறை வாசலில் நின்று போனை நீட்டினாள். மத்தியானத்துக்குப் பிறகு இப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால், கையில் பாதி துடைத்த தட்டோடு பெரியவள்.

மாஸ்டர் போனை வாங்கினார். ஸ்பீக்கர் பொத்தானைத் தேடி அழுத்தினார்.

"மாப்ளே," என்றது மச்சான் குரல், அறை முழுக்க. "நான் யோசிச்சுப் பாத்துட்டேன். கேளுங்க..."

"ஒரு நிமிஷம் மச்சான். நீங்க சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன். நீங்க கேட்டாகணும். இல்லன்னா இங்க செல்லாதாம்."

"என்னது?"

மாஸ்டர் கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்திருந்த வாண்டுவின் தலைக்கு நேராகத் தன் முகம் வருகிற மாதிரி உட்கார்ந்தார். போனை இருவருக்கும் நடுவில், மெத்தைமேல் வைத்தார்.

"வாண்டு இன்னிக்கு விளையாடல மச்சான். காலையிலேருந்து மூக்கடைச்சுக்கிட்டு என்கூட நின்னு வேல செஞ்சான். அவன் மேல எந்தத் தப்பும் இல்ல. என்னைக் காப்பாத்திக்க, உங்க முன்னாடி அவன மாட்டிவிட்டேன். அவங்க அக்கா எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டப்பவும் கொஞ்ச நேரம் சும்மாதான் இருந்தேன். அப்பன் செய்யிற வேல இல்ல அது." குரல் ஓரிடத்தில் வழுக்கியது. பிடித்துக்கொண்டார். "வாண்டு, என்ன மன்னிச்சுக்கடா. பாப்பா, நீயும்தான்."

பெரியவள் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். மனைவி முந்தானையின் நுனியை எடுத்தாள். எதற்கு என்று திரும்பிக்கொண்டதால் தெரியவில்லை.

போனில் மச்சான் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"முடிஞ்சுதா மாப்ளே? இப்ப நான் கூப்பிட்ட விஷயத்தச் சொல்லலாமா?"

வாண்டு எழுந்து உட்கார்ந்தான். சட்டையால் மூக்கைத் துடைத்தான். போனுக்கு மேலே குனிந்தான்.

"இருங்க மாமா" என்றான். "நான் இன்னும் சரின்னு சொல்லல."